மருதையன் வாங்கிய சிவப்பு பல்பு

மருதையன் உட்கார்ந்து பார்த்தவர்கள் கீழச்செம்மங்குடியில் குறைவு. சோற்றைக்கூட நின்றுகொண்டே தின்று முடிக்கிறவர் என்று ஊரில் கேலி பேசுவார்கள். அறுபத்தொரு வயதில் வலது முழங்கால் வீங்கி, படி ஏறும்போதெல்லாம் உள்ளே கல் உரசுவது போல வலித்தபோதும் அவர் ஓய்ந்து உட்காரவில்லை. உட்காருகிற நேரமா அது?

மேட்டூர் அணையை முன்கூட்டியே திறந்துவிட்ட வருஷம். குறுவை நட்டு இருபது நாள் ஆகியிருந்தது. அவருடைய மூன்று மா நிலத்தில், பச்சை பிடித்து எழும்பும் பயிருக்கு நடுவே, மஞ்சள் பூசிய மூன்று கற்களை ஊன்றிவிட்டுப் போயிருந்தார்கள். பாபநாசத்தைச் சுற்றிக்கொண்டு போகப்போகிற புறவழிச்சாலைக்கான அளவுக் கற்கள்.

மூன்று மா என்றால் ஒரு ஏக்கர். அதை அவருடைய அப்பா காத்தான் சும்மா பெறவில்லை. பண்ணையாளாக இருந்தவர், கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்டதற்காக முதுகில் தடி வாங்கியவர். எழுபதுகளில் நில உச்சவரம்புச் சட்டத்தில் பண்ணையிலிருந்து பிரித்தெடுத்த உபரி நிலத்தில் மூன்று மா அவர் பேருக்குப் பட்டாவானது. பட்டா கைக்கு வந்த பிறகும் ஏர் இறக்க இரண்டு வருஷம் பிடித்தது. பண்ணை கோர்ட்டுக்குப் போனது, நாற்றைப் பிடுங்கிப் போட்டது, வாய்க்காலை அடைத்தது. எல்லாவற்றையும் பார்த்து வளர்ந்தவர் மருதையன். அதனால் மஞ்சள் கல்லைப் பார்த்த அன்றைக்கே அவருக்குத் தூக்கம் போய்விட்டது.

காலையில் கிராம நிர்வாக அலுவலர் அலுவலகம், பதினொரு மணிக்குத் தாலுகா ஆபீஸ், சாயங்காலம் தெருத்தெருவாகக் கையெழுத்து. இந்தச் சாலையில் நிலம் போகிற நாற்பது குடும்பத்துக்கும் அவர்தான் ஓடினார். ஓட ஓட முழங்கால் இன்னும் வீங்கியது. ஒருநாள் தாலுகா ஆபீஸ் மாடிப்படியில் பாதியிலேயே நின்றுவிட்டார். மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் இறங்க முடியவில்லை. இரண்டு பேர் கைத்தாங்கலாக இறக்கிவிட்டார்கள்.

அன்றைக்கே அவருடைய மனைவி ராமாயி, நாத்தனார் மகள் அம்சவல்லிக்குப் போன் போட்டாள். அம்சவல்லி பிசியோதெரபி படித்தவள். பாபநாசம் ஸ்டேஷன் ரோட்டில் சின்னதாக ஒரு சிகிச்சை மையம் வைத்திருந்தாள்.

"மாமாவ நாளைக்கே அழைச்சிட்டு வாங்க அத்தை. வரமாட்டேன்னா நான் வந்து தூக்கிட்டுப் போவேன்னு சொல்லுங்க."

மறுநாள் அம்சவல்லி முழங்காலை மடக்கிப் பார்த்தாள், நீட்டிப் பார்த்தாள். டாக்டர் எடுத்த எக்ஸ்ரேயைக் கண்ணாடி ஜன்னலில் வைத்துப் பார்த்தாள். மூட்டுத் தேய்மானம். தொடைத் தசை பலப்பட மூன்று பயிற்சிகள் சொல்லிக்கொடுத்தாள். பிறகு சுவரோரமாக நின்ற ஒரு சாதனத்தை உருட்டிக்கொண்டு வந்தாள். பலகை மாதிரி அகலமாக, முகப்பு முழுக்கக் குட்டிக் குட்டி விளக்குகள். பொத்தானை அழுத்தியதும் அறை சிவந்தது.

"இது என்ன?"

"ரெட் லைட் தெரபி மாமா. சிவப்பு வெளிச்சம்."

"வெளிச்சம் பட்டா வலி போவுமா? அப்ப நான் அம்பது வருஷமா வெயில்லதான நிக்கிறேன்?"

அம்சவல்லி சிரித்துவிட்டாள். "வெயில்ல எல்லாம் கலந்து வருது மாமா, தோலக் கருக்குறதும் சேத்து. இதுல செவப்பும், அதுக்கு அடுத்து கண்ணுக்குத் தெரியாத ஒண்ணும் மட்டுந்தான். தோலுக்கு உள்ள கொஞ்ச தூரம் போவும். அங்க வீக்கத்தக் கொறைக்கும், திசுவுக்குத் தெம்பு குடுக்கும்னு ஆராய்ச்சி பண்ணிருக்காங்க. எங்கிட்ட வர்றவங்கள்ல சில பேருக்கு வலி நல்லா கொறையுது. சில பேருக்கு ஒண்ணும் தெரியல. தேஞ்ச எலும்பு வளராது. மந்திரமில்ல, ஒரு ஒத்தாசை. பயிற்சிதான் முக்கியம்."

"எவ்வளவு நேரம்?"

"பன்னெண்டு நிமிஷம். ஒருநாள் விட்டு ஒருநாள்."

பிறகு அவள் ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்டாள். புற்றுநோய் ஏதாவது வந்திருக்கிறதா, வெயில் பட்டால் தோல் சட்டென்று சிவந்து போகிற மாதிரி மாத்திரை எதுவும் சாப்பிடுகிறாரா, கண்ணில் கோளாறு உண்டா என்று ஒவ்வொன்றாக. சர்க்கரை எட்டு வருஷமாக இருப்பது அவளுக்கே தெரியும்.

"பாதம் மரத்துப்போவுதா மாமா? எறும்பு ஊர்ற மாரி, பஞ்சு மேல நடக்குற மாரி?"

மருதையன் ஜன்னலைப் பார்த்தார். ஒரு வருஷமாகவே செருப்பு கழன்று விழுந்தால்கூட அவருக்குத் தெரிவதில்லை. போன மாதம் பாதத்தில் முள் குத்தியதை ராமாயிதான் பார்த்து எடுத்தாள். ஆனால் அதைச் சொன்னால் இன்னொரு டாக்டர், இன்னொரு டெஸ்ட், இன்னொரு நாள் வீண். தாலுகா ஆபீஸில் பன்னிரண்டு மணிக்குமேல் ஆள் இருக்கமாட்டான்.

"அதெல்லாம் இல்ல புள்ள. சீக்கிரம் போடு."

கறுப்புக் கண்ணாடி ஒன்றை அவர் கண்ணில் மாட்டிவிட்டாள். விளக்கை நேராகப் பார்க்கக் கூடாது என்றாள். முழங்காலில் தடவியிருந்த தைலத்தைத் துடைத்தெடுத்தாள். ஒரு சாண் தள்ளிப் பலகையை நிறுத்தினாள்.

அந்தப் பன்னிரண்டு நிமிஷம் மருதையனுக்குப் பன்னிரண்டு வருஷம். சூடு என்று பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. கால் சும்மா கிடக்க, மனசு மட்டும் வயலுக்கும் ஆபீஸுக்குமாக ஓடியது. ஆட்சேபணை மனுவில் சர்வே நம்பர் சரியாக எழுதினார்களா? கல் ஊன்ற வந்தவன் கிழக்கு வரப்பை எந்த இடத்தில் அளந்தான்? "ஆச்சா புள்ள?" என்று மூன்று தடவை கேட்டார்.

இருந்தாலும் நாலு தடவை போய்வந்த பிறகு ஒரு மாற்றம் தெரிந்தது. காலையில் எழுந்ததும் பிடித்துக்கொள்கிற இறுக்கம் சீக்கிரம் விட்டது. வண்டியில் காலைத் தூக்கிப் போடும்போது முன்னைப்போல முனகவில்லை. பயிற்சியா, வெளிச்சமா, எது கேட்டது என்று அம்சவல்லிக்கே சொல்லத் தெரியவில்லை. "ரெண்டும் சேந்துதான்" என்றாள். "இப்படியே ஆறு வாரம் போட்டா இன்னும் பாக்கலாம்."

ஆறு வாரம் எங்கே இருந்தது? செவ்வாய்க்கிழமை கிராம நிர்வாக அலுவலர் ஆளனுப்பினார். வெள்ளிக்கிழமை சர்வேயர் வருகிறார், நிலத்துக்காரர் கூடவே நடந்து எல்லை காட்ட வேண்டும். அடுத்த செவ்வாய் ஆட்சேபணை விசாரணை, தாசில்தார் முன்னால். மருதையன் விரலை மடக்கினார். மூன்று நாள். பன்னிரண்டு நிமிஷத்துக்கே இவ்வளவு கேட்டது என்றால், ஒரு மணி நேரம் போட்டால்? தினமும் போட்டால்?

ஊர்க்கோடியில் அல்லா பிச்சையின் கோழிப்பண்ணை. புதுக்குஞ்சு இறக்கியிருந்தார். தகரக் கொட்டகைக்குள் வரிசையாகச் சிவப்பு பல்புகள் தொங்க, அதனடியில் குஞ்சுகள் மஞ்சள் மஞ்சளாக ஒட்டிக்கொண்டு கிடந்தன. வண்டியை நிறுத்திவிட்டு மருதையன் அதையே பார்த்தார். அதே சிவப்பு. அம்சவல்லியின் பலகையைவிடப் பிரகாசம் ஜாஸ்தி.

"பாய், உபரியா ஒரு பல்பு இருக்குமா?"

"எதுக்கு மாமு?"

"நாட்டுக்கோழிக் குஞ்சு வாங்கிருக்கேன். மழைக் காத்துல வெறைக்குது."

"தரேன். ஆனா ரெண்டு அடி ஒசரத்துலயே தொங்கவிடுங்க. பக்கத்துல வச்சா குஞ்சு வெந்துரும். இது சூடு குடுக்குற பல்பு, ஆமா."

மருதையன் தலையாட்டினார். அவர் காதில் விழுந்தது; மனசில் ஏறவில்லை.

புதன்கிழமை மத்தியானம் ராமாயி நூறு நாள் வேலைக்கு ஏரிக்கரைக்குப் போயிருந்தாள். மருதையன் விட்டத்துக் கொக்கியில் வயரைக் கட்டி பல்பைத் தொங்கவிட்டார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, முக்காலியில் காலை நீட்டி, முழங்காலுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் அதை நிறுத்தினார். இரண்டு நிமிஷத்தில் முழங்கால் சுட்டது. கொஞ்சம் கீழே தள்ளினார். கெண்டைக்காலும் சுட்டது. இன்னும் கீழே, பாதத்துக்கு நேராகத் தள்ளியபோது சூடு தெரியவில்லை. சுடாத இடம் நல்ல இடம் என்று நினைத்துக்கொண்டார். நரம்பு வழியாக மேலே ஏறாதா என்ன?

மனுவின் நகலைக் கையில் எடுத்துப் படிக்க ஆரம்பித்தார். நாற்பது பேர் பெயரையும் படித்தார், சர்வே எண்களைப் படித்தார், தப்பு கண்டுபிடித்தார், பேனாவால் திருத்தினார். முக்கால் மணி நேரம் ஓடியது. வாழ்நாளில் அவ்வளவு நேரம் அவர் ஒரே இடத்தில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

சாயங்காலம் பாதத்தின் மேல்புறம் செம்பருத்தி நிறத்தில் இருந்தது. மறுநாள் காலையில் கோழிமுட்டை அளவுக்குக் கொப்புளம். வலி இல்லை. வலியில்லாததால் பயமும் இல்லை. பழைய வேட்டித் துண்டைக் கிழித்துச் சுற்றினார். பல்பைக் கழற்றிப் பரணில் போட்டார்.

"கால்ல என்னங்க கட்டு?"

"சைக்கிள் பெடல் இடிச்சிருச்சு."

"சைக்கிள் எங்க ஓட்டுனீங்க?"

சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை சர்வேயரோடு நடந்தார். வெறுங்காலோடு சேற்றில் இறங்கி வரப்பு வரப்பாகக் காட்டினார். "எங்கப்பன் வச்ச எல்லைக்கல் இது சார். இங்கேருந்து அளங்க." சேறு கட்டுக்குள் புகுந்தது, கொப்புளம் உடைந்தது, எதுவும் அவருக்குத் தெரியவில்லை. அளந்து முடித்தபோது சர்வேயர் சொன்னார்: "மொத்தமும் போவல பெரியவரே. மேக்கால ஒரு மா போவுது." அந்த வார்த்தையைத் தாங்கிக்கொண்டு வீடு வந்தவருக்கு ராத்திரி குளிர் எடுத்தது.

சனிக்கிழமை காலையில் வீட்டுக்குள் ஒரு வாடை. ராமாயி அதைத் தேடிக்கொண்டு கட்டில் அருகே வந்தாள். வேட்டியை விலக்கினாள். துணியில் ஈ மொய்த்தது. அவிழ்த்துப் பார்த்தவள் கத்தவில்லை. போனை எடுத்து, "அம்சா, ஆட்டோவோட வா" என்று மட்டும் சொன்னாள்.

அம்சவல்லி வந்து பாதத்தைப் பார்த்தாள். பேனா முனையால் அவர் பெருவிரலைத் தொட்டாள். "தெரியுதா மாமா?"

"என்ன?"

"இப்ப?"

"என்ன புள்ள, தொட்டுட்டுக் கேளு."

அவள் பேனா விரலை அழுத்திக்கொண்டுதான் இருந்தது. அம்சவல்லி பேனாவைக் கீழே வைத்தாள். "வாயைக் கேட்டேனே, கால கேக்காம விட்டுட்டேனே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ராமாயி அதற்குள், விட்டத்துக் கொக்கியில் மிச்சம் தொங்கிய வயரைப் பார்த்து, பரணைத் துழாவிப் பல்பை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

தஞ்சாவூரில் பெரிய ஆஸ்பத்திரி. சர்க்கரை நானூறைத் தாண்டியிருந்தது. கெட்டுப்போன தோலை வெட்டியெடுத்துச் சுத்தம் செய்தார்கள். சீழ் எலும்புக்குப் போயிருந்தால் விரல்கள் தங்காது, நாலு நாள் போனால்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். காலைத் தலையணை மேல் தூக்கி வைத்து, இறங்கக் கூடாது என்று கட்டளை.

"செவப்பு லைட்டுதான போட்டேன்? நீதான போட்டுக்கச் சொன்ன?" என்று அம்சவல்லியிடம் ஒருதடவை எரிந்து விழுந்தார்.

"செவப்பா இருக்கிறதெல்லாம் ஒண்ணா மாமா?" என்றாள் அம்சவல்லி. "என்னுது வெளிச்சம். அது அடுப்பு. குஞ்சுக்குச் சூடு காட்டுற அடுப்பு. சுட்டா காலு இழுத்துக்கும், அதான் நமக்குக் காவல். உங்க காலு அந்தக் காவல விட்டு ரொம்ப நாளாச்சு. என்னோடத போட்டாக்கூட மரத்துப்போன இடத்துல தனியாப் பாத்துத்தான் போடணும். கூடக் கூடப் போட்டா கூடக் கூட கேக்கும்னும் இல்ல. உரத்த ரெண்டு மடங்கு போட்டா ரெண்டு மடங்கு வெளையுமா? நீங்க சொல்லுங்க."

"மரத்துப்போறத நான்தான் மறைச்சேன்" என்றார் மருதையன், மின்விசிறியைப் பார்த்தபடி.

திங்கட்கிழமை முழுக்க அவருக்குக் கட்டில் முள்ளாக இருந்தது. மறுநாள் விசாரணை. எழுந்து போய்விடுவேன் என்றார். நர்ஸிடம் சண்டை பிடித்தார். ட்ரிப்ஸ் ஊசியைப் பிடுங்கப் பார்த்தார். கடைசியில் ராமாயி அவர் மனுவை மடித்துத் தன் சுருக்குப்பைக்குள் திணித்தாள்.

"நான் போறேன்."

"நீ போயி என்ன பேசுவ?"

"அந்த வயலு உங்கள மட்டுமா பாத்துச்சு? நாப்பது வருஷமா குனிஞ்சு நடுறவ நான்."

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணியிலிருந்து அவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அடித்தார், எடுக்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரரின் போனிலிருந்து அடித்தார், அதுவும் எடுக்கவில்லை. அம்சவல்லியும் கூடவே போயிருந்தாள், அவளும் எடுக்கவில்லை. பதினொன்று, பன்னிரண்டு, ஒன்று. சாப்பாடு ஆறிப்போனது. மூன்றே முக்காலுக்கு இருவரும் வார்டுக்குள் வந்தார்கள். ராமாயி முதலில் அவர் காலைப் பார்த்தாள், பிறகுதான் உட்கார்ந்தாள்.

"என்னதான் ஆச்சு?"

"ஒரு மா போவுது. அது மாறல."

மருதையன் கண்ணை மூடிக்கொண்டார்.

"கேளுங்க. உச்சவரம்புப் பட்டா, கெரயம் பண்ணுன நெலம் மாரி இழப்பீடு குடுக்க முடியாதுன்னு அங்க ஒருத்தர் ஆரம்பிச்சார். அம்சா அந்தப் பட்டா நகல எடுத்து நீட்டுனா. தாசில்தாரம்மா வாங்கிப் படிச்சாங்க. மத்தவங்களுக்கு என்னவோ அதேதான் இவங்களுக்கும்னு எழுதிக்கிட்டாங்க."

"அவ்வளவுதானா?"

"இல்ல." ராமாயி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "படத்த மேசையில விரிச்சு வச்சிருந்தாங்க. ரோட்டுக்குக் கறுப்புக்கோடு. நான் கேட்டேன், நம்ம வாய்க்காலு இதுல எங்க போச்சுங்கம்மான்னு. எந்த வாய்க்காலுன்னாங்க. நம்ம வயலத் தாண்டித்தான நாப்பது பேரு வயலுக்கும் தண்ணி போவுது? ரோட்ட மேடாப் போட்டா தண்ணி எப்படித் தாண்டும்? மழைக்காலத்துல தண்ணி எப்படி வடியும்? ரோட்டுக்கு இந்தப் பக்கம் முங்கும், அந்தப் பக்கம் காயும். ரோட்டுக்கு அடியில மதகு எங்கன்னு கேட்டேன். இஞ்சினியரு படத்தப் பொரட்டுறாரு, பொரட்டுறாரு. அவரு படத்துல வாய்க்காலே இல்ல."

"அப்புறம்?"

"அந்தம்மா நாக்காலிய விட்டு எந்திரிச்சாங்க. வாங்க காட்டுங்கன்னாங்க. ஜீப்புல ஏத்திக்கிட்டு நம்ம வயலுக்கே போனோம். அதான் போன எடுக்கல. வாய்க்காலுக்குள்ள எறங்கி நின்னு காட்டுனேன். ரெண்டு எடத்துல மதகு வச்சுத்தான் ரோடுன்னு எழுதி, எங்கிட்டயும் கைநாட்டு வாங்கிக்கிட்டாங்க."

நாற்பது பேர் கையெழுத்து வாங்க மருதையன் தெருத்தெருவாக அலைந்த மனுவில் சாலை வேண்டாம் என்றுதான் எழுதியிருந்தது. வாய்க்காலைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அவருக்கு அது தோன்றவே இல்லை.

சொன்ன நாலு நாள் கழிந்ததும் விரல்கள் தங்கும் என்றார் டாக்டர். புண் ஆற ஏழு வாரம் ஆயிற்று. இன்சுலின், தினசரி கட்டு, காலைத் தொங்கப்போடாமல் இருத்தல் என்று ஒவ்வொன்றும் மருதையனுக்குத் தண்டனை. நடுவில் அம்சவல்லி டாக்டரிடம் கேட்டாள், புண்ணுக்குச் சிவப்பு வெளிச்சம் கொடுக்கலாமா என்று. சில இடங்களில் கொடுத்துப் பார்க்கிறார்கள்தான், ஆனால் இப்போது வேண்டாம், சர்க்கரையும் சீழும் முதலில் அடங்கட்டும் என்றார் அவர். அவளும் வற்புறுத்தவில்லை.

புண் முழுக்க மூடிய பிறகுதான் முழங்காலுக்கு மறுபடி பலகையை உருட்டினாள். ஆனால் முதலில் அவர் கண்ணைக் கட்டிவிட்டு, மெல்லிய நைலான் இழையால் இரண்டு பாதத்தையும் பத்து இடத்தில் தொட்டுத் தொட்டுக் கேட்டாள். ஆறு இடத்தில் அவருக்குத் தெரியவில்லை. அதைத் தாளில் படமாகப் போட்டு, மரத்த இடங்களைக் கறுப்பாக அடித்து, சுவரில் ஒட்டினாள். பாதத்தின் மேல் தடித்த துணியைப் போர்த்தினாள். கடிகாரத்தை அவரிடம் கொடுக்காமல் தானே வைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அவளிடம் வருகிற ஒவ்வொரு சர்க்கரைக்காரர் காலையும், முழங்கைக்கு வந்தவராக இருந்தாலும், அந்த இழையால் தொட்டுப் பார்த்த பிறகுதான் பொத்தானை அழுத்தினாள்.

மருதையன் சும்மா இருக்கவில்லை. அல்லா பிச்சை கொட்டகையில் போய் உட்கார்ந்து, தான் பொய் சொல்லி வாங்கியதைச் சொன்னார். பாய் தலையில் அடித்துக்கொண்டார். "இனிமே பல்பு கேட்டு வர்றவன் வீட்டுக் கோழிக்குஞ்ச காட்டுனாத்தான் குடுப்பேன் மாமு" என்றார்.

புரட்டாசியில் சம்பா நடவு. மீதியிருந்த இரண்டு மாவில் நாற்று இறக்கினார்கள். மேற்கே சாலைக்கு மண் கொட்ட லாரிகள் வந்து நின்றன. வெறுங்காலோடு சேற்றில் இறங்கினால் திரும்ப வார்டுதான் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால், மருதையன் வார் வைத்துப் பூட்டிய செருப்போடு வரப்பில் நின்றார். நின்றார் என்று சொல்ல முடியாது. இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக நடந்தார். முழங்கால் வலித்தது, முன்னைக்குப் பாதி.

"அந்த மூலைல நெருக்கிப் போட்டுட்டீங்க, எடைவெளி விடுங்க, எடைவெளி விடுங்க!"

ராமாயி குனிந்த வாக்கிலேயே, "வரப்புல நின்னு நாட்டாமை பண்ணாதீங்க, போயி மதகு வைக்கிற எடத்தப் பாருங்க" என்றாள்.

அவருக்கும் அது சரியென்று பட்டது. ஜல்லி கொட்டியிருந்த இடத்துக்குப் போனார். குழாய் இறக்கப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். எட்டிப் பார்த்தார். வாய்க்கால் மட்டத்துக்கு ஒரு முழம் மேலே இருந்தது பள்ளத்தின் அடி. இவ்வளவு உயரத்தில் குழாய் வைத்தால் தண்ணீர் எப்படி ஏறும்?

"ஏம்ப்பா, நிறுத்து! யாரு உங்க மேஸ்திரி?" என்று கத்திக்கொண்டே மருதையன் கரை இறங்கினார். பின்னாலேயே ராமாயி சேற்றுக் கையோடு வயலிலிருந்து ஏறி வந்துகொண்டிருந்தாள்.